‘டிரஸ்ட் மூலமா ஃப்ரீ சீட்’ என்று யாராவது வந்தால்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு அரசுப் பள்ளி மாணவர்களைத் தேடி இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் அறக்கட்டளைத் தன்னார்வலர். இன்னொருவர் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் தரகர். பேச்சை மட்டும் கேட்டால் இருவரையும் பிரித்தறிய முடியாது.

நல்ல அறக்கட்டளை நிதானமாகத்தான் வரும். அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய ‘விதை’ திட்டத்தில், விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் போய்க் குடும்பச் சூழலைப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு செய்கிறார்கள். உண்மையான தேவை யாருக்கு என்று அறிய அதுதான் வழி.

தரகருக்கு அந்தப் பொறுமை இருக்காது. “இன்னைக்கே ஓகே சொல்லுங்க, நாளைக்கு சீட் இருக்காது” என்பார். டிசி, மார்க் ஷீட் என்று அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார். சேர்ந்த பிறகு பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். வேண்டாம் என்று விலகினால், மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்பார்கள்.

பெரிய இழப்பு வேறு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தரகர் வழியாகக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. உரிமையாக வரவேண்டியதைத் தொலைத்துவிட்டு, யாரோ தருவதாகச் சொன்ன சலுகைக்காகக் கடன் வாங்கும் நிலைக்குக் குடும்பங்கள் வருவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். அதன் பிறகும் தேவை இருந்தால் அறக்கட்டளையை நாடுங்கள்.

உதவ முன்வரும் அமைப்பின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கவே வேண்டாம். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். அதில் பெயர் இருப்பது மட்டுமே நற்சான்று ஆகாது. எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, எந்தெந்தக் கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை அனுப்புவதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள். யுபிஐ பின் போடுவது பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால் போன பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்று, புகைப்படம். பள்ளிப் பை கொடுத்துவிட்டுக் குழந்தையை பேனருக்கு முன்னால் நிறுத்தி, பெயர், ஊர், தந்தை இல்லை என்பது வரை முகநூலில் போடுகிறார்கள். கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது தவறு. பெற்றோர் மறுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்தான். படம் பொதுவெளிக்குப் போகக் கூடாது என்று அங்கேயே முடிவெடுக்கலாம்.

ஏற்கெனவே சான்றிதழைக் கொடுத்துச் சிக்கிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. தர மறுத்தால் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டு, 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், 18 வயது நிரம்பாதவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும்.