நுரையீரலுக்கு வந்த கருவி எலும்பையும் பார்க்கட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் மனிதர்கள் கையை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஆபத்தும் அந்தக் கைக்குத்தான். தோலைச் சீவும் ஷேவிங் மெஷின், ஈரம் பிழியும் உருளைகள், ஷூ கம்பெனியின் கட்டிங் பிரஸ் என எதிலும் விரல் சிக்கலாம். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கே லாரிகளுக்கு நடுவே டூவீலரிலும் ஷேர் ஆட்டோவிலும் வீடு திரும்ப வேண்டும்.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முறிவா, வெறும் சுளுக்கா? தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே படம் எடுக்க அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால், பலர் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுவார்கள். வலி விடாவிட்டால், ஆந்திராவின் புத்தூருக்குக் கட்டுப் போடப் பஸ் ஏறுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் எடுக்கும் வசதி பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை.

அந்த வசதியைத் தூக்கிக்கொண்டு போகும் முயற்சி புதிதல்ல. ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா போரில் பீவர் என்ற ராணுவ மருத்துவர் காயம்பட்டவர்களின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே வைத்துத் தேடினார். 1898-ல் சூடானில் பேட்டர்ஸ்பி என்ற இன்னொரு ராணுவ மருத்துவர், இருவர் மிதிக்கும் சைக்கிளை டைனமோவோடு இணைத்து எக்ஸ்ரே கருவிக்கு மின்சாரம் எடுத்தார்.

அன்று சைக்கிள் மிதித்துப் பெற்ற சக்தியை இன்று ஒரு லித்தியம் பேட்டரி தருகிறது. ஃபிலிமுக்குப் பதில் தட்டையான டிஜிட்டல் பலகை. சில நொடிகளில் படம் மடிக்கணினிக்கு வந்துவிடும். ஃபியூஜிஃபிலிமின் கையடக்கக் கருவி 3.5 கிலோதான். பெங்களூருவின் ப்ரோக்னோசிஸ் நிறுவனமும் இப்படி ஒன்றைத் தயாரிக்கிறது. 2024 டிசம்பர் 7-ல் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கருவிகள் கிராமங்களுக்குள் போயின. ஆக, நுரையீரலைப் பார்க்கக் கருவி ஊருக்குள்ளேயே வருகிறது. அதே கருவி ஒரு விரலெலும்பையும் பார்க்கலாம். கை, கால் எலும்புகளுக்கு நெஞ்சளவு சக்திகூடத் தேவையில்லை. காசநோய்த் திட்டத்தின் கருவி காசநோய்க்கு மட்டுமே என்று பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது என்பதே என் வாதம்.

எங்கே வைப்பது என்பதில் தெளிவு வேண்டும். நெடுஞ்சாலையில் விழுந்து கிடப்பவருக்கு அங்கேயே படம் எடுப்பது வீண் தாமதம். ரத்தத்தை நிறுத்தி, கழுத்தை அசையாமல் பிடித்து, 108-ல் ஏற்றுவதுதான் உயிரைக் காக்கும். நெஞ்சுக்குள் காற்று அடைத்து மூச்சுத் திணறுபவருக்குப் படம் வரும்வரை காத்திருக்கவே கூடாது. உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். பருத்த உடம்பின் இடுப்பெலும்பையோ முதுகெலும்பையோ சிறிய கருவி தெளிவாகக் காட்டாது. பெரிய காயங்களுக்கு வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022-ல் திறந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகத்தில் விபத்துச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

கையடக்கக் கருவிக்கு ஏற்ற இடம் இந்தப் பெரிய மருத்துவமனைகளுக்கு முந்தைய படி: ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ. மருந்தகம், ஜவ்வாது மலையின் ஊர்கள். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். இந்தத் தொலைவுக்கு யாரை உடனே அனுப்ப வேண்டும், யாருக்கு இங்கேயே மாவுக்கட்டு போட்டால் போதும் என்று பிரித்துச் சொல்ல ஒரு படம் உதவும். விரல் மூட்டு பிசகியிருந்தால் அங்கேயே சரிசெய்யலாம். தோல் கிழிந்து எலும்பும் உடைந்திருந்தால் கிருமி எதிர்ப்பு மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

சிறிய கருவி என்பதால் கதிர்வீச்சை அலட்சியப்படுத்த முடியாது. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகக் குறையும். அதனால் உடன் வந்தவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும். எடுப்பவர் ஈய அங்கி அணிய வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் பயிற்சி பெற்ற ரேடியோகிராபரும் கட்டாயம். காசநோய் முகாமுக்கு வாங்கிய அனுமதி, காயப் படத்துக்கும் செல்லும்படி தெளிவாக எழுதப்பட வேண்டும்.

எடுத்த படத்தைப் பார்க்க ஆள் வேண்டாமா? இணையத்தில் அனுப்பினால் வேலூரில் ஓர் எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லலாம். இரவு ஷிப்டிலும் அவர் கிடைக்க வேண்டும், ஏனென்றால் மெஷின்கள் இரவிலும் ஓடுகின்றன. அந்தப் பணிக்கு ஊதியம் ஒதுக்கும் பொறுப்பைச் சுகாதாரத் துறையும் இ.எஸ்.ஐ.யும் பகிர்ந்துகொள்ளலாம், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் போய்க்கொண்டுதானே இருக்கிறது.