அண்ணே... எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா?

இன்னிக்கு மேட்ச். கையில் டிக்கெட் இல்லை. பர்ஸில் இருப்பது ரெண்டாயிரம் ரூபாய். அதுவும் மெஸ் பில் கட்ட வீட்டிலிருந்து வந்த பணம். ஆனாலும் காலேஜ் முடிஞ்சதும் கால் ரெண்டும் தானா சேப்பாக்கம் பக்கம் திரும்புதா? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் மக்களே!

முதல்ல, நாம ஏன் ரோட்டுல நிக்கிறோம்? 2023 ஐ.பி.எல். வரைக்கும் கவுன்டர் இருந்தது. ராத்திரியே போய் பேப்பர் விரிச்சுப் படுத்தா, விடிஞ்சதும் ஒரு டிக்கெட்டாவது தேறும். 2024-லிருந்து எல்லாம் ஆன்லைன். விற்பனை ஆரம்பிச்ச அதே நிமிஷம் உள்ளே போனாலும் 'உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்' என்று ஒரு நம்பர் வரும். பெரிய மேட்ச் என்றால் அது லட்சத்தைத் தாண்டும். ஸ்டேடியத்தில் இருப்பதோ சுமார் 38 ஆயிரம் ஸீட். 2025-ல் இருந்ததிலேயே மலிவான டிக்கெட் 1,700 ரூபாய். போதாக்குறைக்கு, அந்த வருஷம் செப்டம்பர் 22-லிருந்து ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. ஆக, கம்ப்யூட்டரில் தோற்றவர்கள் எல்லாரும் கடைசியில் வாலாஜா சாலையில்தான் ஒதுங்குகிறோம்.

ஒரே ஒரு கேள்வி!

அங்கே டிக்கெட் வைத்திருப்பவர்கள் ரெண்டு ஜாதி. ஒருத்தர் பிளாக் பார்ட்டி. கூட்டத்துக்கு நடுவில் வானத்தைப் பார்த்தபடி, "டிக்கெட்... டிக்கெட்..." என்று முணுமுணுத்துக்கொண்டே போவார். போலீஸ் தொப்பி தெரிந்தால் அடுத்த செகண்ட் கொடி விற்பவரிடம் விலை கேட்டுக்கொண்டிருப்பார்!

இன்னொருத்தர் 'எக்ஸ்ட்ரா' பார்ட்டி. நாலு டிக்கெட் போட்டிருப்பார். ஒரு ஃப்ரெண்டுக்கு நைட் ஷிஃப்ட், இன்னொருத்தனுக்கு காய்ச்சல். போட்ட காசு வந்தால் போதும் என்று கேட் பக்கத்தில் தவிப்பார்.

பார்க்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி. ரெண்டு பேர் மேலேயும் மஞ்சள் ஜெர்ஸி. எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கேள்வி போதும். "அண்ணே, நீங்களும் மேட்ச் பார்க்க உள்ளே வர்றீங்களா?"

எக்ஸ்ட்ரா பார்ட்டி, "ஆமாப்பா, பக்கத்து ஸீட்டுதான்" என்பார். பிளாக் பார்ட்டி, "அதெல்லாம் எதுக்குத் தம்பி, ரேட்டைச் சொல்லு" என்பார். முடிஞ்சது மேட்டர்!

நேரம் யார் பக்கம்?

நான் படிப்பது ட்ரிபிள் ஈ. கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகிற கர்வ் ஒன்று எங்க புஸ்தகத்தில் உண்டு. முதலில் சர்ரென்று இறங்கும், அப்புறம் தவழும். சேப்பாக்கம் வாசலில் டிக்கெட் ரேட்டும் அப்படித்தான். ஏழு மணி டாஸ் வரைக்கும் ரேட் உச்சத்தில் நிற்கும். ஏழரைக்கு முதல் பந்து விழுந்ததும் சரியும். காரணம் ரொம்ப சிம்பிள். ஐஸ் விற்பவருக்கு வெயில் எதிரி. டிக்கெட் விற்பவருக்குக் கடிகாரம் எதிரி.

போன சீஸனில் நான் நோட்டும் பேனாவுமாக நின்று கேட்ட பேரம் இது. ஆறு மணிக்கு 1,700 ரூபாய் டிக்கெட்டுக்கு, "அஞ்சாயிரம், ஒரு பைசா குறையாது." ஏழு மணிக்கு, "ஸ்டூடன்ட்டா? நாலு குடு." ஏழே முக்காலுக்கு, "கடைசியா ரெண்டு." எட்டு மணிக்கு அதே குரல், "தம்பி... தம்பி... எவ்ளோதான்டா வெச்சிருக்க?"

ஆனால், கடிகாரம் உங்களுக்கும் எதிரிதான். அரை மணி நேரம் காத்திருந்தால் அஞ்சாறு ஓவர் காலி. உள்ளே ஒரு 'ஹோ' கேட்டால் வயித்தைக் கலக்கும். பார்ட்டி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "கிடைக்கலைன்னா ரூமுக்குப் போய் டி.வி.யில் பார்த்துக்கலாம்" என்று நிஜமாகவே நினைப்பவனுக்குத்தான் ரேட் இறங்கும். நடிப்பு இங்கே எடுபடாது.

பீப் சத்தம் முக்கியம்

காகித டிக்கெட் காலத்தில் கலர் ஜெராக்ஸ் பயம். இப்போ க்யூஆர் கோடு பயம். ஒரே கோடை ஸ்கிரீன் ஷாட் எடுத்து நாலு பேருக்கு விற்றால், முதலில் கேட்டுக்குப் போகிறவர் உள்ளே. மற்ற மூணு பேர் ரோட்டில்.

அதே ராத்திரி கேட் பக்கத்தில் ஒரு பையன். என் வயசுதான் இருக்கும். கூட அவனோட அப்பா, வேட்டி சட்டை, கழுத்தில் மஞ்சள் துண்டு. திண்டிவனம் தாண்டி ஏதோ கிராமம். அப்பா ஸ்டேடியத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. மெஷினில் போனைக் காட்டுகிறான், சிவப்பு லைட். மறுபடி காட்டுகிறான், மறுபடி சிவப்பு. "இந்த டிக்கெட்ல ஏற்கெனவே ஆள் போயாச்சு தம்பி" என்கிறார் கேட்டில் நின்றவர். விற்றவரின் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போனது ஏழாயிரம். பார்ட் டைம் வேலையில் சேர்த்ததாம். அப்பா திட்டவே இல்லை. "விடுப்பா, சத்தம் இங்கேயே நல்லாக் கேக்குது" என்றார். பையன் தலையைத் தூக்கவில்லை.

அதனால் ரூல் நம்பர் ஒண்ணு: ஸ்கிரீன் ஷாட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. கூடவே கேட்டுக்கு வருகிறவரிடம் மட்டும் வாங்குங்க. பாதிப் பணம் முன்னால, மீதி பீப் அடிச்ச அப்புறம். எக்ஸ்ட்ரா பார்ட்டி இதுக்கு ஒத்துக்குவார். மற்றவர் கிளம்பிவிடுவார், நல்லதுதானே!

டெஸ்ட்டுக்குத் தனி கணக்கு

டெஸ்ட் மேட்ச்சில் அஞ்சாம் நாள் டிக்கெட் ஒரு லாட்டரி. 1986-ல் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் 'டை' ஆனது அஞ்சாம் நாள் கடைசி ஓவரில். 2008 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக 387 ரன்னைத் துரத்தி, சச்சின் 103 நாட் அவுட்டாக ஜெயித்ததும் அஞ்சாம் நாள்தான். ஆனால், 2024 செப்டம்பரில் பங்களாதேஷ் டெஸ்ட் நாலாம் நாளே முடிந்துபோனது. அஞ்சாம் நாள் டிக்கெட் யார் நீட்டினாலும், நாலாம் நாள் சாயங்கால ஸ்கோரைப் பார்த்துவிட்டுப் பேசுங்க.

டி-20-க்கு இந்த ஜாதகமும் கிடையாது. 2025 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கா? சென்னை 103 ரன், கொல்கத்தா 10.1 ஓவரில் கதையை முடித்தது. அன்னிக்கு மூணு மடங்கு கொடுத்து உள்ளே போனவர் யாராவது இருந்தால், ஒரு ஓவருக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்!

பேரத்துக்கும் ஒரு நியாயம்

பிளாக் பார்ட்டியிடம் முகவிலைக்கு மேல் நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும், அடுத்த மேட்ச்சுக்கு அவர் இன்னும் நாலு டிக்கெட் அள்ளிப் போடுவதற்கான முதலீடு. அந்த நாலில் ஒண்ணு உங்களுக்கு ஆன்லைனில் கிடைத்திருக்க வேண்டியது. 2023 ஐ.பி.எல். சமயத்தில் சேப்பாக்கத்தைச் சுற்றி போலீஸ் பலரைப் பிடித்தது. பிடித்தும் வியாபாரம் ஓய்ந்துவிடவில்லை, வாங்க நாம இருக்கோமே!

எக்ஸ்ட்ரா பார்ட்டி கதை வேற. முதல் பந்து விழுந்த பதட்டத்தில் அவர், "ஐந்நூறு குடுத்தாக்கூடப் போதும்ப்பா" என்று நிற்பார். கர்வ் உங்க பக்கம்தான். ஆனாலும் 1,700 இருந்தால் 1,700-ஐக் கொடுத்துடுங்க. அவரும் நம்மை மாதிரி லட்சம் பேர் க்யூவில் நின்று ஜெயித்தவர்தான். தவிர, அடுத்த மூணு மணி நேரம் அவர்தான் உங்க பக்கத்து ஸீட். சிக்ஸர் போனால் கட்டிப்பிடிக்க ஆள் வேணும் இல்லையா?

எதுவுமே கிடைக்கலையா? ரஞ்சி டிராபிக்குப் பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது, சும்மா உள்ளே போகலாம். அதே சேப்பாக்கம், அதே கடல் காத்து. கால் நீட்டி உட்கார ஒரு வரிசையே கிடைக்கும். அந்த வாசலில் மட்டும் யாரும் "டிக்கெட்... டிக்கெட்..." என்று முணுமுணுக்க மாட்டார்கள்!