பூட்டியும் விலகும் சுதி

கடையம் பக்கத்தில் ஆடிக் கொடையும் சாரலும் சேர்ந்தேதான் வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்த காற்று குற்றாலத்தையும் தென்காசியையும் நனைத்துவிட்டு, மலையடிவாரமாகவே தெற்கே இறங்கும். இரவு மேடையில் ஒரு பக்கம் விளக்குகளின் சூடு, மறுபக்கம் ஈரக்காற்று. உடுக்கைத் தோல் தொய்ந்துவிட்டால் வில்லிசைக்காரர் அதைத் தீயில் காட்டி முறுக்கேற்றிக்கொள்வார். அடுத்து மேடையேறும் இன்னிசைக் குழுவின் கிட்டார்காரருக்கு அந்த வசதி இல்லை. அதுவும் அவர் கையில் இருப்பது பூட்டு வைத்த எலெக்ட்ரிக் கிட்டார் என்றால், பக்கத்தில் நிற்கும் கீபோர்டுக்காரருக்குக் குழப்பம் வரும்: “லாக்கு போட்டாச்சுல்லா, பொறவு எப்படிண்ணே சுதி வெலகுது?”

நியாயமான கேள்விதான். பதில் அந்தப் பூட்டு எதைப் பூட்டுகிறது என்பதில் இருக்கிறது.

1954-இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், தந்திகளைத் தாங்கும் குதிரையே முன்னும் பின்னும் சாயும். அதில் செருகியிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் ஆறு தந்தியும் ஒருசேரத் தளர்ந்து ஸ்வரம் கீழே வழுக்கும். கையை எடுத்தால், கிட்டாரின் முதுகுக் குழியில் உள்ள ஸ்பிரிங்குகள் குதிரையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு. இந்தக் ‘கிட்டத்தட்ட’தான் தொல்லை. கழுத்தின் நுனியில் இருக்கும் நட்டின் காடியில் தந்தி வழுக்கித் திரும்பும்போது உராய்வு அதைச் சற்று முன்னதாகவே பிடித்து நிறுத்திவிடுகிறது. முறுக்காணியில் சுற்றிய சுற்றுகளும் ஒருமுறை தளர்ந்தால் பழையபடி உட்காருவதில்லை.

இதில் எவ்வளவு சிறிய பிசகு போதும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தியின் நீளம் ஏறக்குறைய 65 செ.மீ. 0.23 மி.மீ. தடிமனுள்ள முதல் தந்தியைச் சுதிக்கு ஏற்றும்போது அது 4.5 மி.மீ. அளவுக்கு நீள்கிறது, அதில் இருக்கும் இழுவை சுமார் 6 கிலோ. மூன்றாம் தந்தியின் தடிமன் 0.4 மி.மீ.; இழுவையும் கொஞ்சம் அதிகம். ஆனால் தடித்த கம்பி என்பதால் அது நீள்வது 1.6 மி.மீ. மட்டுமே. இப்போது இரண்டிலும் 0.08 மி.மீ. தளர்வு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் தந்தியின் இழுவையில் 2 சதவீதம் போகும், மூன்றாவதில் 5 சதவீதம் போகும். அதிர்வெண் இழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இதில் பாதி, அதாவது 1 சதவீதமும் 2.5 சதவீதமும், சுதியில் குறையும். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்கு நடுவே உள்ள தூரமே 6 சதவீதம்தான். எல்லாத் தந்தியும் ஒழுங்காக இருக்க மூன்றாவது மட்டும் படுத்துகிறது என்று கிட்டார்காரர்கள் காலங்காலமாகப் புலம்புவது வெறும் பிரமை அல்ல.

இந்த 0.08 மி.மீ. தளர்வு உராய்வால்தான் வரவேண்டும் என்றில்லை. எஃகுத் தந்தி 10 டிகிரி சூடேறினாலும் ஏறக்குறைய அவ்வளவே நீளும். மெல்லிய கம்பி விளக்கு வெளிச்சம் பட்டதும் சூடாகிவிடும். மரம் மெதுவாகத்தான் சூடேறும்.

உராய்வுக்கு மருந்து கண்டவர் ஃபிளாய்டு ரோஸ் என்ற அமெரிக்கர். நகை வேலை தெரிந்த கிட்டார்காரர். 1979-இல் காப்புரிமை வாங்கினார். தந்தியை நட்டிலேயே கவ்விப் பிடித்துவிட்டால் அதற்கு அப்பால் முறுக்காணியில் என்ன நடந்தாலும் கவலையில்லை என்பது அவர் எண்ணம். நட்டில் மூன்று சிறு கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளை ஆலன் கீயால் இறுக்கிப் பிடிக்கும். மறுமுனையில் தந்தியின் குண்டு முனையை வெட்டிவிட்டுக் குதிரையிலும் ஒரு கவ்வி. வழுக்க இடமே இல்லை. குதிரையும் இரண்டு தூண்கள் மேல் கத்தி முனை போன்ற விளிம்பில் நிற்பதால் அங்கும் உராய்வு சொற்பம். பூட்டிய பிறகு சுதியைத் தொட முடியாதே என்ற குறையைத் தீர்க்கக் குதிரையின் முதுகில் நுண் திருகுகளைப் பின்னால் சேர்த்தார்கள். நம் வீணைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரடையில் சுமாராகச் சுதி சேர்த்துவிட்டு, நாகபாசத்தின் பக்கம் இருக்கும் லங்கரில் நுணுக்கமாகச் சரிசெய்வது அவர்கள் பழக்கம்.

ஆக, உராய்வு ஒழிந்தது. ஒழியாமல் இருப்பது தராசு. தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ இழுவையோடு குதிரையை முன்னே இழுக்கின்றன, ஸ்பிரிங்குகள் பின்னே இழுக்கின்றன. நடுவே குதிரை மிதக்கிறது. ஒரு தந்தியைக் கூடுதலாக முறுக்கினால் குதிரை முன்னே சாயும், மற்ற ஐந்தும் இறங்கும். ஒன்று அறுந்தால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், மிச்சம் ஐந்தும் ஏறிவிடும். பாட்டின் நடுவே அப்படி ஆனால் கிட்டாரைக் கீழே வைப்பதைத் தவிர வழியில்லை. இந்த மிதப்பால் ஒரு நன்மையும் உண்டு. எல்லாத் தந்தியும் சூட்டில் ஒரே அளவு நீளும்போது குதிரை சற்றுப் பின்வாங்கி, அந்தத் தளர்வில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது.

சுதி சேர்க்கும்போதும் இந்தத் தராசை மனதில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நட்டுப் பூட்டுகளைத் தளர்த்தி, நுண் திருகுகளை நடு இடத்துக்குக் கொண்டுவந்து, தடித்த தந்தியில் தொடங்கி ஒரு சுற்று சேர்த்தால் முதலில் சேர்த்தது விலகியிருக்கும். அலுக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றி வரவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிசகு குறையும். பிறகு குதிரையைப் பக்கவாட்டில் பார்க்கவேண்டும். கிட்டாரின் மேல்பரப்புக்கு இணையாக இல்லாமல் முன்னால் சாய்ந்திருந்தால் முதுகுக் குழியில் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் கால் சுற்று இறுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுதி சேர்க்கவேண்டும். புதுத் தந்தி என்றால் பூட்டுவதற்கு முன் விரலால் நன்றாக இழுத்துவிடுவது நல்லது. தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் சுலபம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றத்தான் வேண்டும் என்றால் குதிரையின் பின்பக்கத்துக்கு அடியில் பழைய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைச் செருகி வைப்பார்கள், அது குழிக்குள் விழாமல் நிற்கும்.

சாரல் ஊரில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கத்தி முனையும் தூணும் தொடும் இடத்தில் துரு பிடித்தால் குதிரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும், பூட்டு என்ன பூட்டினாலும் பயனில்லை. வாசித்து முடித்ததும் துடைத்து, அவ்வப்போது அந்த இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது போதும். தந்திகள் முறுக்கில் இருக்கும்போது தூணைத் திருகி உயரம் மாற்றக் கூடாது, முனை மழுங்கும்.

இவ்வளவும் ராக் இசைக்குப் போதும். நம் இசைக்கு அந்தத் தராசே இடைஞ்சல். எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்துக் காட்டிய சுகுமார் பிரசாத், பிரசன்னா ஆகியோரின் வாசிப்பில் கமகம் தந்தியை அழுத்தி இழுப்பதில்தான் பிறக்கிறது. யூ. சீனிவாஸ் மேண்டலினின் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு வாசித்ததும், சக்தி குழுவில் ஜான் மெக்லாக்ளின் மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டதும் தந்தி இழுபட வசதியாகத்தான். மிதக்கும் குதிரையில் ஒரு தந்தியை ஒரு முழு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள். அதன் இழுவை கால் பங்குக்கு மேல் கூடுகிறது, குதிரை முன்னே சாய்கிறது. சுதிக்காகப் பக்கத்தில் திறந்தபடி ஒலிக்கும் ஷட்ஜமும் பஞ்சமமும் அதோடு சேர்ந்து இறங்குகின்றன. கமகம் சரியாக இருக்கும், ஆதார சுதி அசையும். கேட்பவருக்கு வயிற்றைப் பிசையும். வீணையில் இந்த வம்பே இல்லை. குடத்தின் மேல் குதிரை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வாசிக்கும் தந்தியை எவ்வளவு இழுத்தாலும் தாளத் தந்திகள் தம் சுதியில் நிற்கும்.

ஸ்பிரிங்கை மூன்றிலிருந்து ஐந்தாக்கினால் சாய்வு குறையும், முழுக்கப் போகாது. என் கட்சி, தராசின் ஒரு தட்டைக் கட்டிப்போடுவது. முதுகுக் குழியில், குதிரையின் அடிக்கட்டைக்கும் ஸ்பிரிங் பக்கச் சுவருக்கும் நடுவே அளவாகச் சீவிய மரத்துண்டு ஒன்றைச் செருகி, ஸ்பிரிங் திருகாணிகளை இன்னும் ஓரிரு சுற்று இறுக்கினால் குதிரை அந்த மரத்தில் அழுந்தி நிற்கும். கமகத்துக்கு இழுக்கும் கூடுதல் இழுவையை அந்த அழுத்தம் தாங்கிக்கொள்ளும். சூட்டுக்குப் பின்வாங்கிக் கொடுத்த சலுகை போய்விடும்தான். அதற்கு நுண் திருகு இருக்கிறது. கைப்பிடியை அழுத்தி ஸ்வரத்தைக் கீழே வழுக்கவிடுவது அப்படியே நடக்கும், மேலே தூக்குவது மட்டும் நடக்காது. ஒரு தந்தி அறுந்தாலும் ஸ்பிரிங் இழுக்க இடமில்லாததால் மற்ற ஐந்தும் சுதி மாறாது. பாட்டு முடியும்வரை ஐந்தை வைத்து ஒப்பேற்றலாம்.