நீண்ட கம்பியும் நிலைக்காத படமும்

தோட்டத்து அன்பர்கள் பலர் நம்மிடம் கூறும் குறை ஒன்றுண்டு. தொலைக்காட்சிப் பெட்டி புதியது, தட்டு புதியது, ஆயினும் படம் சதுரம் சதுரமாக உடைகிறது; சில வேளைகளில் அறவே மறைந்துவிடுகிறது. டிகோடர் பழுதென்று எண்ணி வேறொன்று வாங்கியவர்கள் உண்டு. தொழில்நுட்பரை இருமுறை, மும்முறை வரவழைத்து வெள்ளியை இழந்தவர்களும் உண்டு. இவர்களுள் பலருடைய வீட்டில் குற்றவாளி டிகோடரும் அன்று, தட்டும் அன்று. இரண்டுக்கும் இடையே ஓடும் கம்பியே ஆகும்.

1996ஆம் ஆண்டில் மீசாட் துணைக்கோளம் விண்ணில் செலுத்தப்பட்டு, அதே ஆண்டில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது. 2012ஆம் ஆண்டில் மாதக் கட்டணமில்லாத என்ஜோய் சேவை வந்த பின்னர், சிறு வருமானமுள்ள குடும்பங்களுக்கும் தட்டு எட்டியது. பட்டணத்து வீட்டில் தட்டிலிருந்து பெட்டிவரை பத்துப் பதினைந்து மீட்டர் கம்பி போதும். தோட்டத்தில் அப்படியன்று. லயத்தைச் சுற்றி பால்மரங்கள் நிற்பதால், தட்டைத் திடலின் ஓரத்திலோ கோயில் பக்கத்திலோ நட்டுவிட்டு, அறுபது, எழுபது மீட்டர் கம்பியை இழுத்து வருகிறார்கள். தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

துணைக்கோளம் நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து வந்து சேரும் அலை மிக மெலிந்தது. தட்டு அதனை ஒரு முனையில் குவிக்கிறது. தட்டின் முன்னே கைபோல் நீண்டிருக்கும் கருவியைக் கடைக்காரர்கள் எல்.என்.பி. என்பார்கள். அது அலையை இலட்சம் மடங்குக்கும் மேலாகப் பெருக்கி, கம்பிக்குள் செல்லத்தக்க தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்புகிறது. அப்படி மாற்றிய பிறகும் அதன் அதிர்வெண் 950 முதல் 2150 மெகாஹெர்ட்சு வரை இருக்கும். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் கம்பிக்குள் செல்லச் செல்லத் தேய்ந்துகொண்டே போகும். வழக்கமாக விற்கப்படும் ஆர்.ஜி. 6 கம்பியில், 1000 மெகாஹெர்ட்சு அலை சுமார் 15 மீட்டருக்கு ஒருமுறை பாதியாகிறது. 2000 மெகாஹெர்ட்சு அலையோ சுமார் 10 மீட்டரிலேயே பாதியாகிவிடும். அறுபது மீட்டர் கடந்து வருவதற்குள் முன்னது பதினாறில் ஒரு பங்காகவும், பின்னது அறுபத்து நான்கில் ஒரு பங்காகவும் குறைந்துபோகும். எல்லா அலைவரிசைகளும் ஒருசேரக் கெடாமல் சில மட்டும் முதலில் மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு காரணம் மின்சாரம். எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரம் டிகோடரிலிருந்து அதே கம்பி வழியாகவே மேலே செல்கிறது. 13 வோல்ட் அனுப்பினால் நெடுக்கு அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் குறுக்கு அலைகளையும் அது வாங்கித் தரும். கம்பி நீண்டு, இணைப்புகளும் துருவேறியிருந்தால், புறப்பட்ட 18 வோல்ட் வழியில் குறைந்துவிடும். எல்.என்.பி. அதனை 13 என்று கருதிக்கொள்ளும். அப்போது பாதி அலைவரிசைகள் தெளிவாகத் தெரியும். மீதிப் பாதி அடியோடு இராது. இக்குறையைக் கண்டால் கம்பியையே முதலில் ஐயுறுக.

கம்பி வாங்கும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நடுக்கம்பியில் காந்தம் ஒட்டினால், அது செம்புப் பூச்சிட்ட இரும்பு. குறுகிய தூரத்துக்கு அதனால் கெடுதியில்லை. நெடுந்தூரத்துக்கு முழுச் செம்பே நல்லது. மின்தடை நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும். பழைய ஏரியலுக்குப் பயன்பட்ட மெல்லிய ஆர்.ஜி. 59 கம்பியை இதற்கு இழுக்கவே கூடாது.

மழையை வைத்தே பழுதைப் பிரித்தறியலாம். கனத்த மழை பெய்யும்போது படம் மறைந்து, மழை ஓய்ந்த சில நிமிடங்களில் திரும்பினால், மழைத்துளிகள் அலையைத் தடுத்தன என்பது பொருள். அதற்கு மருந்தில்லை, பொறுத்திருக்க வேண்டியதுதான். மழை விட்ட பின்னும் படம் வராமல், மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்தால், இணைப்புக்குள் நீர் புகுந்திருக்கிறது.

அடுத்த சோதனை இன்னும் உறுதியானது. தரை காய்ந்திருக்கும் பகல் வேளையில், டிகோடரையும் சிறு தொலைக்காட்சியையும் தட்டின் அருகே கொண்டுபோய், இரண்டு மீட்டர் கம்பியால் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் தெளிவாக இருந்தால் பழுது நீண்ட கம்பியில்தான். கம்பியைக் கழற்றுமுன்னும் மாட்டுமுன்னும் டிகோடரின் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். நடுக்கம்பியும் வெளி வலையும் தொட்டுக்கொண்டால் டிகோடர் கெட்டுவிடக்கூடும்.

பிறகு இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது. பச்சை படிந்திருந்தாலோ, வெள்ளைக் காப்பு கறுத்திருந்தாலோ அப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். உலர்த்திப் பயன்படுத்த இயலாது. துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட கம்பியைவிட ஒரே நீளக் கம்பி மேலானது. பால்மரத்தில் ஆணியடித்துக் கம்பியைக் கட்டுவதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஆணி கம்பியை நசுக்குகிறது, காற்றில் மரம் ஆடும்போது இணைப்பு தளர்கிறது, மரத்துக்கும் காயம்.

பெருக்கி ஒன்றை வாங்கித் தொலைக்காட்சிக்குப் பின்னால் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். பாலில் தண்ணீர் கலந்தால் வாளி நிறையும். மெட்ரோலாக்கை இட்டுப் பார்க்கும் கிராணியாரிடம் குட்டு உடைந்துவிடும் அல்லவா? டிகோடரின் திரையிலும் இரண்டு கோடுகள் உண்டு: ஒன்று அலையின் வலிமை, மற்றொன்று அதன் தரம். தேய்ந்து வந்து சேர்ந்த அலையைக் கடைசியில் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். வலிமைக் கோடு நீளும். தரக் கோடு அசையாது. பெருக்கி வேண்டுமென்றால் அதனைத் தட்டின் பக்கத்திலேயே, அலை தேயுமுன்னர்ப் பொருத்த வேண்டும். தடித்த ஆர்.ஜி. 11 கம்பியை இழுப்பது அதனினும் நன்று; விலை கூடுதல்தான்.

இவையெல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த வழி, தட்டையே வீட்டருகே கொண்டுவருவது. தீபகற்ப மலேசியாவில் மீசாட் அடிவானத்தில் இல்லை. கோலாலம்பூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேற்கே சற்றுத் தென்புறமாக, சுமார் 77 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலேயே நிற்கிறது. தட்டைவிட இருபது மீட்டர் உயர்ந்த மரமானாலும், அதன் கிளை நுனியிலிருந்து ஐந்தாறு மீட்டர் விலகியிருந்தால் அலையை மறைக்காது. திடல்வரை போக வேண்டிய தேவை பல லயங்களுக்கு இல்லவே இல்லை. வீட்டின் மேற்குப் புறத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். இலையில்லாத வானம் தெரிந்தால் அந்த இடமே போதும். கிளையொன்று குறுக்கே நின்றால் நீங்களாக வெட்டாமல், தோட்ட அலுவலகத்தில் கேட்டு இசைவு பெறுக.

இறுதியாக, இடி மின்னல். நம் நாட்டில் இது அடிக்கடி நேர்வது. அருகில் எங்கேனும் மின்னல் விழுந்தாலும், நீண்ட கம்பியில் மின்னோட்டம் பாய்ந்து வீட்டுக்குள் வரக்கூடும். வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்குமுன் மின்செருகியையும் தட்டிலிருந்து வரும் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இடி நெருங்கிவிட்ட பின் கம்பியைத் தொடவே வேண்டா. கழற்றிய முனையைப் பிள்ளைகள் படுக்கும் பாயருகே போட்டுவைக்காமல், சன்னலுக்கு வெளியே, தரையைத் தொடாதபடி தொங்கவிடுங்கள். லயத்துக்கு வரும் மின்கம்பிக்கு மேலாகவோ அதனை ஒட்டியோ தட்டுக் கம்பி சென்றால், நீங்களே ஏறி அகற்ற முற்படாமல் அன்றைக்கே தோட்ட நிருவாகத்திடம் தெரிவியுங்கள்.