செபிரோத் மரமும் இறையொருமைச் சிக்கலும்

யூத மறைஞானமாகிய கபாலா, இறைமையின் பத்து வெளிப்பாடுகளைச் ‘செபிரோத்’ என்கிறது. ‘செபெர் யெட்சிரா’ என்னும் பழைய நூலில் இச்சொல் உண்டு; மர உருவகம் இல்லை. அதனை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்பிரான்சில் வெளிப்பட்ட ‘பாகிர்’ நூலில் காண்கிறோம். இம்மரத்தின் வேர் மேலே உள்ளது. எல்லையற்றதாகிய ‘ஐன் சோஃப்’பிலிருந்து கெதெர் (மகுடம்) தொடங்கி மல்குத் (அரசு) ஈறாக அருள் இறங்குகிறது.

பெயர் வரிசையினும் அது எழுப்பிய சிக்கலே ஆய்வுக்குரியது. ஒரே இறைவன் என்னும் சமயத்தில் பத்து எங்ஙனம் பொருந்தும்? 13ஆம் நூற்றாண்டினரான ஆபிரகாம் அபுலாஃபியா தாமே கபாலா அறிஞர். எனினும், கிறித்தவர் மூன்றாக்கிய இறைவனை இவர்கள் பத்தாக்கினர் எனக் கடிந்தார். செபிரோத் இறைச்சாரம் அல்ல, கருவிகளே என்றார் மெனாகெம் ரெகனாத்தி. கருவிகள் எனின் ஒருமை காக்கப்படும். ஆனால் அவற்றை நோக்கிய வழிபாடு யாரைச் சென்றடையும்?

சஃபேத் நகரின் மோசே கொர்தொவெரோ (1522–1570) ‘பர்தெஸ் ரிமோனிம்’ நூலில் இரண்டையும் ஏற்றார்: சாரம் ஒளி, கருவிகள் வண்ணக் கண்ணாடிகள். நிறம் பலவாகத் தோன்றினும் ஒளி மாறுவதில்லை. நுட்பமான உவமைதான், ஆயினும் கண்ணாடிகள் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்லவில்லை. அவரிடம் சிறிதுகாலம் பயின்ற ஐசக் லூரியாவோ, எல்லையற்றது தன்னைச் சுருக்கிக்கொண்டதிலிருந்தே படைப்பை விளக்கத் தொடங்கினார்.