ஸ்டெதஸ்கோப் இல்லாத ராஜ்யம்!

செருப்பைக் கழற்ற வேண்டாம். சத்தத்தை மட்டும் வாசலிலேயே விட்டுட்டு வாங்க. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குள் நிற்கிறோம். ஊர்க்காரர்களுக்கு இது 'ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி'. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை முழுக்க இங்கேதான் பஸ் ஏறி வருகிறது. எல்லாரும் டாக்டரைத் தேடிப் போகட்டும். நாம் வந்திருப்பது வேறு ஆட்களைப் பார்க்க. ஊசி போடத் தெரியாது, மாத்திரை எழுத உரிமை கிடையாது. ஆனால் இவர்கள் ஒரு நாள் லீவு போட்டால் பல ஃபைல்கள் படுத்துவிடும். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்தவர்கள்!

முதல் நிறுத்தம், காப்பீட்டு மேஜை. ஃபைல்களுக்கு நடுவே ஒரு தலை தெரிகிறது பாருங்கள், அவர்தான். இந்த நாற்காலிக்கு எந்தப் பட்டதாரியும் வரலாம். இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் சமூகப்பணி படித்தவர். இவர் கவனிக்கும் காப்பீடு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? எதிரே முக்கூடலிலிருந்து வந்த அம்மா பெருவிரலை வைக்கிறார். மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கிறார். ஊஹூம். வருஷக்கணக்கில் பீடி சுற்றிய விரல், ரேகை வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறது.

"ரேகைதான தேஞ்சிருக்கு, ராசியா தேஞ்சிட்டு? போனைக் குடுங்கம்மா, ஓ.டி.பி. வரும்."

"போன் மருமவகிட்டல்லா இருக்கு!"

மருமகளுக்குப் போன் போகிறது. ஓ.டி.பி. வருவதற்குள் நம்மவர் வீட்டு நிலவரம் முழுவதையும் கறந்துவிட்டார்: மகன் திருப்பூரில், பெயர் தனி ரேஷன் கார்டில், பழைய கார்டு 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து கூழாகிப்போனது. இந்த அரட்டைக்குள்தான் வேலையே இருக்கிறது. எந்தச் சான்றிதழ் குறைகிறது, கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் சுருக்குப்பையில் அவரே வைத்து முடிகிறார்.

அடுத்த கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள். இது 'நம்பிக்கை மையம்', எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் அறை. உள்ளே ஆள் இருக்கும்போது நமக்கு அனுமதியில்லை. ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சாப்பாட்டு நேரத்தில் நுழைகிறோம். ஆலோசகர் கூட்டாஞ்சோற்று டப்பாவைத் திறந்தபடியே பதிவேட்டைச் சரிபார்க்கிறார். மேஜை இழுப்பறையில் ஆணுறை பயன்படுத்துவதை விளக்க ஒரு மர மாதிரி உண்டு. புதிதாக வந்த பயிற்சி மாணவர் ஒருவர், காற்றில் தாள் பறக்கிறதே என்று அதை எடுத்து ஃபைல் மேல் பேப்பர் வெயிட்டாக வைத்துவிட்டாராம், அதுவும் மேலதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று! "அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியல, எங்களுக்கு அழுகையை அடக்கத் தெரியல" என்கிறார். பேசிக்கொண்டே பதிவேட்டில் விடுபட்ட ஒரு மாத மருந்துக் கணக்கையும் கண்டுபிடித்துவிட்டார்.

மாடியேறுவோம், மூச்சு வாங்கினால் நில்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் முதுகுப்பையோடு ஒருவர். பையில் இரண்டு சார்ஜர், மாற்றுச் சட்டை, பாதி தின்ற சாத்தூர் காராச்சேவு. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். உறுப்பு மாற்று மருத்துவமனைகளில் இப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். 2014ஆம் ஆண்டு விதிகள் சமூகப்பணி முதுகலை படித்தவர்களை விரும்பத்தக்கவர்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன. மூளைச்சாவை மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்யும். அதன் பிறகு குடும்பத்தின் சம்மதம், போலீஸ், பிரேதப் பரிசோதனை, ஆம்புலன்ஸ், வழியில் சிக்னல் என்று அத்தனை நூலும் இவர் கையில்தான். 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதை உண்டு. அதற்கான ஏற்பாட்டுக்கும் இவர் போன்தான் அடிக்கிறது.

"குடும்பத்துக்கிட்ட முதல்ல என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன்.

"பேச மாட்டேன். சாப்ட்டாங்களான்னு பார்ப்பேன். டீ வாங்கிட்டு வருவேன்." சட்டைக் காலரில் வியர்வை உப்பு வரைபடம் போட்டிருக்கிறது. நேற்று போட்ட சட்டையாம்.

இனி நகருக்குள்ளேயே வண்ணார்பேட்டைக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, அதற்குள் கொஞ்சம் பழங்கதை. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்ணை நியமித்தது; யாருக்கு இலவச வைத்தியம், யாருக்கு வேறு உதவி என்று விசாரிப்பது அவர் வேலை. இந்தியாவில் 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவச் சமூகப் பணியாளர் வந்தார். 1952இல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கியது. ஆக, கண்ணீர் துடைப்பதும் கணக்குப் பார்ப்பதும் ஆரம்பத்திலிருந்தே ஒரே ஆள் செய்த வேலை!

இறங்குங்கள். இது ஒரு தனியார் மருத்துவமனை. பெயரை எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். நிர்வாக மேலாளர் அறையில் மூன்று போன், ஒரு வாடிய துளசி, சுவரில் டூட்டி அட்டவணை. அட்டவணையில் அடித்தல் திருத்தல்தான் அதிகம். யாரோ கல்யாணத்துக்குப் போகிறார்கள், யாரோ வளைகாப்புக்கு. அவரும் சமூகப்பணி படித்தவர்தான். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்த வேலையில் ஆலோசகராகத் தொடங்கி, ஒவ்வொரு வருஷமும் 'நீட்டிப்பு வருமா' என்று நகம் கடித்து, இடையில் அஞ்சல் வழியில் மருத்துவமனை நிர்வாகம் படித்து மேலே வந்தவர்.

"எம்.எஸ்.டபிள்யூ.வுல சமூக நல நிர்வாகம்னு ஒரு பேப்பர் உண்டு. நாங்க எல்லாரும் தூங்குன பேப்பர்! இப்ப அதுதான் சோறு போடுது" என்று சிரிக்கிறார். வருகிறவர்களுக்கு அவர் சொல்வது இதுதான்: மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடு, களப்பணியை மருத்துவமனையில் கேட்டு வாங்கு, எக்செல்லுக்குப் பயப்படாதே, நாலு வருஷம் நோயாளி பக்கம் நின்றுவிட்டு அப்புறம் நாற்காலிக்கு வா.

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாளே ஒரு பரீட்சை வைக்கிறார். ஒரு வயதான நோயாளியோடு பதிவு கவுண்டரிலிருந்து மருந்தகம் வரை நடக்க வேண்டும். எங்கே உட்கார்ந்தார், எங்கே வழி கேட்டார் என்று எழுத வேண்டும். நாம் இருக்கும்போதே ஒரு பையன் வியர்த்து வழிய உள்ளே வருகிறான், கையில் வெற்று நோட்டு.

"மேடம், பாட்டி யார்ட்டயும் வழி கேக்கல. எல்லாரும் பாட்டிட்டதான் வழி கேட்டாவ!"

"எங்க வச்சு?"

"எக்ஸ்ரே திருப்பத்துல. நாலு பேரு."

மேலாளர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு பேனாவை எடுத்தார்.

"நாளைக்கே அங்க படம் போட்டு ஒரு போர்டு வைக்கணும். லேய், ஓடு, பாட்டி பஸ் ஏறுதுக்குள்ள பிடி. போர்டை எந்த உயரத்துல மாட்டணும்னு அவங்கதான் சொல்லணும்!"