எம்மூர்க் கலர்

விருந்தினர் ஒருவர் வீட்டு வாயிலை மிதித்தவுடன், சங்கரன்கோவில் வட்டாரத்துத் தாய்மார் சிறுவரை நோக்கிக் கூறும் முதல் மொழி, "ஓடிப்போய்க் கலர் வாங்கி வா" என்பதாம். வேற்றூரார் இதனைச் செவியுறின், வண்ணப்பொடி வாங்கி வரப் பணித்தனர் போலும் என மயங்குவர். தென்பாண்டி நாட்டிலோ கலர் என்பது, நிறமும் இனிப்பும் காற்றும் ஏற்றிப் புட்டியில் அடைத்த குளிர்நீரைக் குறிக்கும். காற்று மாத்திரம் ஏறியது சோடா எனப்படும். நிறமாகிய பண்பின் பெயர் அந்நிறமுடைய பொருளுக்கு ஆகி வந்தமையின், இதனைப் பண்பாகுபெயர் என்று கொள்ளுதல் பொருந்தும். சொல் ஆங்கிலமாயினும் இலக்கணம் நம்முடையதே. இக்கலர் எவ்வாறு தோன்றிற்று, எம்மூரில் எங்ஙனம் போற்றப்படுகின்றது, இன்று எந்நிலையில் உள்ளது என்பனவற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நீரில் காற்றை ஏற்றும் வித்தையை உலகிற்கு உணர்த்தியவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேயர். இவர் சமயபோதகராகவும் விஞ்ஞானியாகவும் விளங்கியவர். 1767-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரில் தம் இல்லத்தருகே இருந்த பீர் காய்ச்சும் ஆலையில், புளிக்கும் தொட்டிகளின்மேல் ஒருவகைக் காற்றுப் படிந்து நிற்றலைக் கண்டு, அதனை நீரில் கலந்து பருகிப் பார்த்தார். நாவிற்கு இனிய கார்ப்பு ஒன்று அந்நீரில் தோன்றிற்று. இம்முறையை 1772-இல் நூலாக வெளியிட்டார். அக்காற்றே கரியமில வாயு. 1783-இல் ஜெனீவா நகரில் ஜோஹன் ஜேகப் ஷ்வெப் என்பவர் இதனைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார்.

செய்தல் எளிது, காத்தல் அரிது. அழுத்தம் மிகுந்தவிடத்து வாயு நீரில் மிகுதியாகக் கரையும். அழுத்தம் நீங்கின் நுரைத்து வெளியேறும். தக்கையால் மூடிய புட்டியில் தக்கை உலர்ந்து சுருங்க, வாயு மெல்ல நழுவிவிடும். இக்குறையைத் தீர்த்தவர் லண்டனைச் சார்ந்த ஹைரம் காட் என்பவர். அவர் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டியே நாம் அறிந்த கோலிசோடாப் புட்டியாம். அதன் கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலியும், வாயினுள் ஒரு ரப்பர் வளையமும் உண்டு. நீரையும் வாயுவையும் செலுத்தும்போது புட்டியைத் தலைகீழாக நிறுத்துவர். கோலி தன் எடையால் வாய்ப்புறம் வந்து வளையத்தில் அமரும். பின்னர்ப் புட்டியை நிமிர்த்தினும், உள்ளிருக்கும் வாயு கோலியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருத்தலின் அது விழாது. வெளியேற விரும்பும் வாயுவே தன் சிறைக்கதவைத் தானே தாழிட்டுக்கொள்ளுதல் இங்கு வியக்கத்தக்கது. கட்டைவிரலாலோ மரக்கட்டையாலோ கோலியை அழுத்தினால் ஓசையுடன் வழி திறக்கும். கோலி மீண்டும் வாய்க்கு உருண்டு வந்து அடையாதபடி, கழுத்தின் ஒருபுறத்தே இரு குழிவுகள் அதனைத் தடுத்து நிறுத்தும்.

1892-இல் அமெரிக்க நாட்டு வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டபின், மேல்நாடுகளில் கோலிப்புட்டி மெல்ல மறைந்தது. ஆயினும் ஜப்பான் நாட்டார் ராமுனே என்னும் பானத்தில் அதனை இன்றும் போற்றி வருகின்றனர். தில்லி முதலிய வட இந்திய நகரங்களில் அதற்குப் பண்டா என்று பெயர். நம் நாட்டில் அது நிலைத்ததன் காரணம் எளிதில் விளங்கும். மூடி வாங்கும் செலவில்லை. புட்டியைக் கழுவித் திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஒரு சிறு இயந்திரமும், வாயு உருளையும், நல்ல நீரும் இருப்பின் சிற்றூரிலும் ஒருவன் சோடாக் கம்பெனி நடத்தலாம்.

எம்மூர்க் கலரின் கதையில் விருதுநகருக்குத் தனியிடம் உண்டு. அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட அவ்வூரில், 1916-ஆம் ஆண்டு பி. வி. எஸ். கே. பழனியப்ப நாடார் என்பவர் காளிமார்க் என்னும் பெயரால் சோடாத் தொழிலைத் தொடங்கினார். விருதுநகரினின்று தென்காசி செல்லும் இருப்புப்பாதையில் சங்கரன்கோவில் அமைந்திருத்தலின், அவ்வூர்ச் சரக்கு எமக்கு அயற்சரக்கன்று. 1950-களின் பிற்பகுதியில் அந்நிறுவனத்தார் வெளியிட்ட பொவண்டோ, திராட்சைச் சுவையும் கருஞ்சிவப்பு நிறமும் உடையது. தென்மாவட்டங்களில் மணவீட்டு விருந்துண்டு எழுந்தவர் கையில் இதனைக் காணலாம். இதனோடு நன்னாரி, பன்னீர், எலுமிச்சை என்று உள்ளூரார் செய்யும் வகைகளும் பல.

ஆண்டுதோறும் ஆடித்திங்களில் சங்கரநாராயணர் கோயிலில் நிகழும் ஆடித்தபசு விழாவே எம்மூர்க் கலருக்கும் திருநாள். கோமதியம்மையின் தவத்திற்கு இரங்கி இறைவன் அரியும் அரனும் ஒன்றாகிய கோலத்தில் காட்சியளித்ததாகக் கூறும் அவ்விழாவைக் காணச் சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று மக்கள் வெள்ளமெனத் திரள்வர். உழவர் தம் நிலத்தில் விளைந்த பருத்தியும் வற்றலும் தானியமும் காணிக்கையாகச் சொரிவர். தேரோடும் வீதிகளில் கோலி திறக்கும் ஓசை இடையறாது கேட்கும். யாங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தாராயினும், அன்று எம் இல்லம் நிறைய விருந்தினர் இருப்பர். எந்தை மரப்பெட்டியோடு கலர் வாங்கி வைப்பார். கிறிஸ்துமஸ் நாளில் அவ்வயலார் எம் இல்லம் வருவர். அன்றும் அதே கலர்தான். புட்டியின் அடியில் எஞ்சியதைப் பெற எம்மில் நிகழ்ந்த போராட்டங்கள் பல. பேரவைகளில் பேசப்படும் சமய ஒற்றுமையை யான் முதன்முதற் கற்றது அந்த மரப்பெட்டியின் அருகே என்பேன்.

இனி, இதன் இன்றைய நிலையைக் கூறுவாம். 1977-இல் கோகோகோலா இந்தியாவை விட்டு நீங்கியபோது உள்ளூர்ப் பானங்கள் தழைத்தன. 1993-இல் அது மீண்டு வந்தபின், விளம்பர வலிமை இல்லாத சிறு கம்பெனிகள் பல ஒடுங்கின. 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சியை ஒட்டி, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் மார்ச்சு முதல் நாள் தொட்டு வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை எனத் தீர்மானித்தன. பொவண்டோவும் கோலிசோடாவும் கடைமுகப்பிற்குத் திரும்பின. திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் உள்ள பெருங்குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குதலை, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலமாகத் தடுத்ததும், 2017 மார்ச்சில் அவ்வழக்கைத் தள்ளியதும் பலர் அறிந்தவையே. 2025-இல் கோலிசோடா அமெரிக்கா, இங்கிலாந்து, வளைகுடா நாடுகளுக்கு அனுப்பப்படுவதாக மத்திய வணிக அமைச்சகம் அறிவித்தது.

கடல் கடந்து சென்ற கோலி, பிறந்த தெருவில் நிலைக்குமா என்பதே என் கவலை. எங்கள் தெருமுனையில் சோடாக் கம்பெனி நடத்தும் முதியவர் ஒருவர் இருக்கின்றார். புட்டி வெடித்து இருமுறை கையில் தையல் போட்டவர். கடந்த விடுமுறையில் அவரைக் கண்டு பேசினேன். "கிணறு வற்றிப்போச்சு தம்பி, இப்பம் தண்ணியை விலைக்கு வாங்கித்தான் சோடா போடுதேன். உடைஞ்ச புட்டிக்கு வேற புட்டி கிடைக்க மாட்டேங்கு" என்றார். அவர்தம் மக்கள் எவரும் இத்தொழிலை ஏற்கவில்லை. அந்நிய முதலைக் குறைகூறி அமைதல் எளிது. ஆயின் அம்முதியவரின் கிணற்றை வற்றச் செய்தது மழையின்மை மட்டுமன்று, குளங்களைத் தூர விட்ட நம் மடமையுமாம். நீரைக் காவாத ஊர் தன் பானத்தையும் காக்க இயலாது.

கலர் அருமருந்தன்று, அதில் சர்க்கரை மிகுதி, நாள்தோறும் பருகுதல் நலத்திற்கு ஒவ்வாது. விருந்திற்கும் திருநாளிற்கும் என்று நம் முன்னோர் வைத்த அளவே தக்க அளவு. அவ்விரண்டு நாளிலேனும், நெகிழிப் புட்டியை ஒதுக்கி, தெருமுனைக் கம்பெனியின் கண்ணாடிப் புட்டியை வாங்குவோமாக. அடுத்த ஆடித்தபசிற்கு எம்மூர் வரும் நண்பர்களை அம்முதியவர் கடைக்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். கோலியைத் திறக்கும் உரிமை விருந்தினருடையது. அடியில் எஞ்சியது என்னுடையது.